சிவகாசித் தீப்பெட்டி கற்பிக்கும் பாடம்

சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும் இடங்களில், "மழை பொய்த்த சீமை இது, இங்கே என்ன தொழில் செய்து பிழைப்பது?" என்று அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. இதற்குரிய விடை நம் விருதுநகர் மாவட்டத்திலேயே கிடைக்கிறது. அதனை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை தவறினால் பருத்தியும் கம்பும் கருகும். குடியானவன் வேலையின்றி இருப்பான். இத்தகைய ஊரிலிருந்து 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தாவுக்குச் சென்றனர். அந்நாளில் நம் நாட்டுக்கு வேண்டிய தீப்பெட்டி பெரும்பாலும் சுவீடன், ஜப்பான் போன்ற அயல்நாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. தொழிலைக் கற்றுத் திரும்பிய இருவரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். முதலில் இயந்திரங்களை நாடிய அவர்கள், சில ஆண்டுகளிலேயே கைத்தொழில் முறைக்கு மாறினர்.

இம்மாற்றம் ஏன் பலித்தது என்பதை நாம் உணரவேண்டும். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குதல், நுனியை மருந்தில் முக்குதல், உலர்த்துதல், பெட்டி ஒட்டுதல், குச்சிகளை நிரப்புதல், சீட்டு ஒட்டுதல் என வேலையைப் பிரித்துவிட்டால் பெருமூலதனம் தேவையில்லை. பெட்டி ஒட்டும் வேலையை வீட்டுத் திண்ணையிலும் செய்யலாம். பிற ஊர்களில் குறையாகக் கருதப்படும் வறண்ட காற்று, மருந்தும் பசையும் விரைவில் உலர இங்கே துணை செய்தது. மழையின்மையே தொழிலுக்கு வாய்ப்பாயிற்று.

ஒரு தொழில் மற்றொன்றை ஈன்றது. தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்தமையால் அச்சுத் தொழில் வளர்ந்தது. வெடிமருந்துப் பொருள்களைக் கையாளும் பழக்கத்தினால் பட்டாசுத் தொழிலும் 1940-களில் வேரூன்றியது. குடும்பத் தொழிலாய்த் தொடங்கியது ஒரு வட்டாரத்தின் தொழிலாயிற்று. அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இல் தோன்றியதும் இம்முயற்சியின் பயனே.

இதற்குப் பின்னே கூட்டுப் பழக்கம் ஒன்றும் இருந்தது. இவ்வட்டார வணிகர்கள் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று பொதுநிதிக்கு ஒதுக்கினர். வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடமும் நடத்தினர். சிறிது சிறிதாகச் சேர்த்துப் பொதுவில் வைக்கும் இப்பழக்கம், நம் சங்கத்தின் பங்குத்தொகைக்கும் காப்புநிதிக்கும் மிக நெருங்கியது.

எனினும் மறைக்கத்தகாத மறுபக்கமும் உண்டு. வேலை வீடுவரை சென்றபோது, 144 பெட்டி கொண்ட குரோசுக் கணக்கில் கூலி பெற்ற பெண்களுக்கு இலாபத்தில் பங்கு கிடைக்கவில்லை. பள்ளி செல்லவேண்டிய சிறுவர்களும் வேலையில் அமர்ந்தனர். இக்கொடுமையைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் விரிவான தீர்ப்பு வழங்கிற்று. பட்டாசு ஆலை விபத்துகளோ இன்றும் உயிர்களைப் பலிகொள்கின்றன. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கையாளும் பொருளின் அபாயத்தை அறிந்தும் விதியைத் தளர்த்துவோர், பிறர் உயிரையே முதலாக வைத்து வாணிபம் செய்வோராவர்.

ஆதலின் நெசவாளரும் விவசாயிகளும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, சங்கச் செலவில் இரண்டு அங்கத்தினரையேனும் வெளியூருக்கு அனுப்பிப் புதிய சாயமுறையையோ, விளைபொருளைப் பக்குவப்படுத்தும் முறையையோ கற்றுவரச் செய்தல். இரண்டாவது, பெரிய இயந்திரம் வாங்குமுன் நம் கைக்கும் நம் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற முறை எது என்று கணக்கிடுதல். மூன்றாவது, உழைத்தவருக்குக் கூலியோடு இலாபத்திலும் உரிமை அளித்தல். முதலிரண்டையும் சிவகாசி முன்னோடிகள் செய்துகாட்டினர். மூன்றாவது நம் சங்கங்களின் கடமை.

அடுத்த பொதுக்குழுவில், கற்கச் செல்பவர் யார் என்பதை அங்கத்தினர்கள் பெயர் குறித்து முடிவு செய்வார்களாக.