கறிவேப்பிலைக்குக் கரப்பான் மருந்தா?

ஒரு சனிக்கிழமை மதியம் நான் செய்த காரியத்தை வானொலியில் சொல்ல இன்னும் துணிச்சல் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வீட்டு வாசலில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுபோல ஏதோ ஒட்டியிருந்தது. கொழுந்துகள் சுருண்டிருந்தன. அடி இலைகளில் கரி பூசியதுபோலக் கறுப்புப் படலம். காலை நிகழ்ச்சி முடித்து வந்த களைப்பில் இருந்தேன். கையில் அகப்பட்டது கரப்பான்பூச்சி மருந்து டின். கொளுத்தும் வெயிலில் செடி நனையும்வரை அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் அம்மா ரசம் வைத்தார். தாளிப்பு வாசம் கூடத்துக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"அம்மா, கறிவேப்பிலை எங்க பறிச்சீங்க?"

"வேற எங்க? வாசல்லதான்."

ஐந்து வயது மகள் தட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரு சட்டி ரசத்தையும் கொட்டினேன். நடந்ததைச் சொன்னதும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சாப்பிடுற செடிக்குக் கரப்பான் மருந்தா அடிப்பாங்க?" அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. உணவில் படக்கூடாது என்று டின்னின் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தது. எழுதியதை வாசித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதை மட்டும் வாசிக்கவில்லை.

மாலைக்குள் பாதி இலைகள் கருகிவிட்டன. பூச்சி சாகவில்லை.

அது சாதாரணச் செடியும் அல்ல. அம்மா பிறந்து வளர்ந்த தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டு லயங்களை இடித்தபோது, கொல்லையில் நின்ற மரத்தின் பக்கக் கன்றை வேரோடு பெயர்த்து, பால் டின்னில் வைத்துத் தூக்கி வந்தார். அந்த இடத்திலிருந்து இன்று எங்களிடம் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். அதைப் பிழைக்க வைக்க நான் கற்றுக்கொண்டவை உங்கள் வீட்டு மிளகாய்க்கும் செம்பருத்திக்கும்கூட உதவும்.

முதலில் கண், பிறகு மருந்து

என் முதல் தவறு, என்ன பூச்சி என்று பார்க்காமல் மருந்தைத் தேடியது. கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான பூச்சிகள் அங்கேதான் குடியிருக்கின்றன.

பஞ்சுபோல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. செம்பருத்தியில் இது அதிகம் வரும். கொழுந்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ கும்பலாக மொய்த்தால் அசுவினி. மிளகாய்ச் செடியைத் தட்டியதும் வெள்ளைத் தூசுபோலப் பறந்தால் வெள்ளை ஈ. கறிவேப்பிலைக் கொழுந்தில் ஒரு சிறு பூச்சி தலையைத் தாழ்த்தி, பின்பகுதியைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தால் அது சில்லிட். எலுமிச்சைக் குடும்பச் செடிகளைத் தாக்கும் பூச்சி இது. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான்.

இவை எல்லாமே சாற்றை உறிஞ்சுபவை. உறிஞ்சிய பிறகு இனிப்பான ஒரு திரவத்தை வெளியேற்றும். அதன்மேல் வளரும் பூஞ்சைதான் நான் பார்த்த கறுப்புப் படலம். அந்த இனிப்புக்காக எறும்புகள் வரும். வருவதோடு நிற்காமல், பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் விரட்டிவிடும். ஒரு செடியில் எறும்பு வரிசையாக ஏறுவதைக் கண்டால், மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

தண்ணீரும் கத்தரிக்கோலும்

அம்மாவின் முதல் மருந்து ரப்பர் குழாய்த் தண்ணீர். குழாயின் வாயை விரலால் அழுத்தி, இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுவார். அசுவினி உதிர்ந்து விழுந்துவிடும். விழுந்ததில் பெரும்பாலானவை மீண்டும் ஏறி வருவதில்லை. மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம். மோசமாகச் சுருண்ட கொழுந்துகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். கறிவேப்பிலை வெட்ட வெட்டத் துளிர்க்கும் செடி, பயப்பட வேண்டாம்.

எறும்புக்குத் தண்டைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி, அதன்மேல் வேசலின் தடவினேன். இரண்டு நாளில் வரிசை நின்றது. சுவரையோ வேறு செடியையோ தொடும் கிளை இருந்தால் அதையும் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும்.

வேப்பெண்ணெய்: அளவும் பொழுதும்

இவ்வளவுக்கும் அடங்காதவற்றுக்குத்தான் வேப்பெண்ணெய். நாங்கள் கலக்கும் முறை இது: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு. அது கரைந்த பிறகு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி, சுத்தமான வேப்பெண்ணெய். பால் நிறம் வரும்வரை குலுக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவற்றைச் சேர்ப்பதுதான் சோப்பின் வேலை. தெளிக்கும்போதும் இடையிடையே குலுக்குங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மீதத்தை வைத்தால் வீரியம் போய்விடும். விளக்கேற்ற விற்கும் எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம், செடிக்கென்று விற்பதை வாங்குவதே நல்லது.

முதலில் இரண்டு மூன்று இலைகளில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். கருகவில்லை என்றால் மற்ற இலைகளுக்கு, முக்கியமாக அடிப்பக்கத்துக்கு, அடிக்கலாம். வெயில் நேரம் கூடாது. நம் ஊரில் மாலையில் மழை கொட்டும், எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும். மழை விட்டு இலை காய்ந்த பிறகு, தேனீக்கள் கூடு திரும்பிய பொழுதில் தெளிப்பதே எங்கள் வழக்கம். பூத்திருக்கும் கொத்துகளைத் தவிர்த்துவிடுவோம்.

வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியை அடித்து வீழ்த்துவதில்லை. அதற்குத் தின்பதில் நாட்டம் குறைகிறது, தோலுரித்து வளர முடியாமல் போகிறது. அதனால் மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பூச்சி அங்கேயேதான் இருக்கும். பலர் "இது வேலைக்கு ஆகாது" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். முட்டையிலிருந்து புதிதாக வருபவற்றையும் பிடிக்க, ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு முறை தெளிக்க வேண்டும்.

எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் செடிக்கடையில் கிடைக்கும் பூச்சிக்கொல்லி சோப்பைப் பயன்படுத்தலாம். அது ஈரமாக இருக்கும்வரை, மேலே பட்ட பூச்சியை மட்டுமே கொல்லும், காய்ந்த பிறகு பயன் இல்லை. பாத்திரம் கழுவும் கடுமையான திரவங்களை அதற்குப் பதிலாக அடித்தால் இலை கருகலாம்.

அம்மாவிடம் இன்னொரு கைமருந்தும் உண்டு. ஒரு முழுப் பூண்டு, ஒரு பிடி சில்லி பாடி, இரண்டையும் அரைத்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அதற்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்ப்பார். இது கொல்வதைவிட விரட்டவே உதவும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். நான் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கியிருக்கிறேன்.

இயற்கை என்றால் பயமில்லையா?

ரசத்தைக் கொட்டிய அன்று, "இனிமேல் இயற்கைதான், பயமே இல்லை" என்று நினைத்தேன். அதுவும் தவறு.

நம் வீடுகளில் பச்சிளம் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் இருந்தது. அப்படிக் கொடுத்ததால் வாந்தியும் வலிப்பும் வந்து கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981-ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். செடிக்கு நல்லதாக இருக்கும் எண்ணெய் பிள்ளையின் வயிற்றுக்கு நஞ்சாகலாம். பெயர் எழுதி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பானப் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

புகையிலை ஊறிய நீரும் இயற்கைதான். ஆனால் நிக்கோட்டின் தோல்வழியாகவே உடலுக்குள் இறங்கும் கடும் நஞ்சு. மிளகாய்க்கும் தக்காளிக்கும் நோய் தரும் வைரஸும் புகையிலை வழியாகப் பரவலாம். இன்னும் அருகில் ஓர் உதாரணம் வேண்டுமா? மீனை மயக்க ஆற்றில் கலக்கப்பட்ட தூபா வேர் இந்த மண்ணின் செடிதான். போருக்கு முந்திய மலாயாவிலிருந்து பூச்சிமருந்துக்காக ஏற்றுமதியானது. அதிலுள்ள ரோட்டினோனைத் தொடர்ந்து செலுத்திய எலிகளுக்குப் பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகள் தோன்றியதை ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டார்கள். எங்கிருந்து வந்தது என்பதைவிட, எது, எவ்வளவு, யார் கைக்கு எட்டும் என்பதே கேள்வி.

மகளின் புழு

மூன்றாவது வாரம் மகள் ஓடி வந்தாள். "ம்மா, இலையில பறவை எச்சம் நகருது!" எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சிறிதாக இருக்கும்போது எச்சம்போலத் தெரியும், வளர்ந்ததும் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். இலையை நன்றாகத் தின்னும்தான். ஆனால் இரண்டு புழுவுக்கு மருந்து எதற்கு? தொட்டியில் இருந்த ஒரு சின்னக் கன்றுக்கு மாற்றினோம். அந்தக் கன்றில் நாங்கள் எதுவும் தெளிப்பதில்லை. அதன் இலைகள் மகளின் புழுக்களுக்கே.

இன்னொரு பாடம் கசப்பானது. ஒரு மிளகாய்ச் செடியை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸால் இலை சுருண்டுவிட்டால், எந்த எண்ணெயும் அதைத் திருப்பாது. மற்றவற்றுக்குப் பரவுமுன் பிடுங்கிப் போட்டோம்.

கறிவேப்பிலை ஆறு வாரத்தில் துளிர்த்தது. பூச்சி அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அடி இலைகளில் இன்றும் இரண்டொன்று இருக்கும். செடி அதைத் தாங்குகிறது.

சமையலறை நாள்காட்டியில் இப்போது நான் தெளித்த நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறேன். தெளித்து ஒரு வாரம் நாங்கள் இலை பறிப்பதில்லை, பறித்ததையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுகிறோம். ரசம் வைக்கும் முன் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வட்டங்களைப் பார்க்கிறார். பார்த்த பிறகும் என்னைக் கூப்பிடுகிறார்:

"பறிக்கலாமா?"

நாள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.