குதிரை ஏறக் காசு எவ்வளவு?

எங்கள் தோட்டத்துக் கோயிலில் மதுரை வீரன் சாமிக்குச் சிமெண்டால் செய்த வெள்ளைக் குதிரை ஒன்று உண்டு. திருவிழாவுக்குத் திருவிழா அதற்குப் புதுச் சாயம் பூசுவார்கள். பூசாரி கண்ணில் படாமல் அதன் முதுகில் ஒரு தடவையாவது ஏறி இறங்காத பிள்ளை எங்கள் தோட்டத்தில் இல்லை. சின்ன வயதில் நானும் ஏறியிருக்கிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாதி லயங்களை இடித்துவிட்டார்கள். குதிரை மட்டும் அப்படியே நிற்கிறது.

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘என் ஆசை’ என்று கட்டுரை கொடுத்தேன். டாக்டர், வழக்கறிஞர், விமானி என்று வழக்கம்போல வந்தன. ஒரு மாணவி மட்டும், “நான் உண்மையான குதிரையில் ஏறிப் பழக வேண்டும். அதற்கு எவ்வளவு காசு என்று டீச்சர் சொல்ல வேண்டும்” என்று முடித்திருந்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்பு மையால் சரி போட்டேன். ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மா பட்டணத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்கிறார். “அதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று சொல்லிவிடுவது எளிது. சொல்ல மனம் வரவில்லை. விசாரிக்கத் தொடங்கினேன்.

ஈப்போ ஓரத்தில் குதிரைப் பழக்கும் இடம் ஒன்றில் கேட்டேன். ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று அழைத்துப் போக 15 வெள்ளி. முறையாகக் கற்றுக்கொடுக்கும் அரை மணிப் பாடத்துக்கு 80 வெள்ளி. அதன் பிறகு கோலாலம்பூர்ப் பக்கம் ஓர் இடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கே முக்கால் மணிக்கு 130 வெள்ளி என்றார்கள். தாய்மார்களே, இந்த இரண்டு விலையையும் வைத்துக்கொண்டு எது மலிவு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அரை மணிக்கு 80 என்றால் முக்கால் மணிக்கு 120 ஆகிறது. வித்தியாசம் பத்தே வெள்ளி! நிமிடக் கணக்குப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம்.

சரி, ஏன் இவ்வளவு விலை? குதிரை மோட்டார் சைக்கிள் அல்ல. நிறுத்தி வைத்தாலும் தின்னும். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ அளவுக்கு உலர்ந்த புல் வேண்டும். மாதத்துக்கு முந்நூறு கிலோ ஆகிறது. தண்ணீர் முப்பது லிட்டர், வெயில் காலத்தில் அதற்கும் மேல். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். நம் நாட்டுப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகிற ஒரு நோய் வரும். அதனால் லாயத்தில் மின்விசிறி சுற்றுகிறது. நம் பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்க நாம் பட்ட பாடு நினைவுக்கு வந்தது, போகட்டும். இத்தனைக்கும் ஒரு குதிரை ஒரு நாளில் இரண்டு மூன்று பாடத்துக்கு மேல் தாங்காது. காலையும் மாலையும்தான் வேலை. மழை கொட்டினால் அதுவும் இல்லை. நம் பேராக் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் புல்லும் லாடமும் எங்கே போனாலும் வேண்டியவைதாம். பெரிதாக மாறுவது நிலம். குதிரை கால் நீட்டி நடக்க இடம் வேண்டும். பட்டணத்தை நெருங்க நெருங்க அந்த இடத்தின் வாடகை ஏறுகிறது. அந்த வாடகை கடைசியில் பிள்ளையின் பாடக் காசில் வந்து உட்காருகிறது. பட்டணத்தை விட்டு விலகினால் பாடம் சற்று மலியலாம். ஆனால் போய்வர எண்ணெய்ச் செலவு கூடும்.

மற்ற நாடுகளையும் பார்த்தேன். இங்கிலாந்தில் ஒரு பாடம் ஏறத்தாழ 30 முதல் 60 பவுன் வரை. அதை வெள்ளியாக்கிப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் காசை மாற்றிப் பார்ப்பதைவிட உழைக்கும் மணிக்கணக்கில் பார்ப்பதே சரியென்று எனக்குப் படுகிறது. அங்கே 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12 பவுன் 21 காசு ஆனது. 40 பவுன் பாடம் என்றால் மூன்றேகால் மணி நேர வேலை. இங்கே 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. மணிக்கு 8 வெள்ளி 72 காசு வருகிறது. 80 வெள்ளிப் பாடத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் உழைக்க வேண்டும். அங்கே ஒரு காலைப்பொழுது, இங்கே ஒரு முழு நாள். விலையில் இங்கிலாந்து நம்மைவிட உயரம். உழைப்பில் பார்த்தால் நமக்குத்தான் குதிரை எட்டாத உயரத்தில் நிற்கிறது.

காசே இல்லாமல் பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெகு தூரம் போக வேண்டாம், நம் சபாவில் கோத்தா பெலுட் பக்கத்துப் பஜாவ் மக்கள் குதிரைக்குப் பேர் போனவர்கள். அங்கே குதிரை வீட்டோடு இருந்து வந்தது. அப்பன் ஏறுவதைப் பார்த்துப் பிள்ளையும் ஏறும். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த தேசிய மாணவர் படைக் குதிரைப் பிரிவு இருக்கிறது. குதிரை அரசாங்கத்துடையது என்பதால் அங்கே மாணவர்கள் ஏறிப் பழக முடிகிறது. சிங்கப்பூரில் உடற்குறை உள்ளவர்களுக்கு இலவசமாகவே குதிரையேற்றம் தரும் சங்கம் ஒன்று 1982 முதல் நடக்கிறது. ஆக, குதிரை யார் வீட்டில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விலை.

நம் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு காலத்தில் நின்றது. என் பாட்டியின் அப்பா துரையின் குதிரைக்காரர். விடியுமுன் புல் அறுத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, சேணம் கட்டி, பங்களா வாசலில் கடிவாளத்தைப் பிடித்து நிற்பார். துரை ஏறிப் போவார். திரும்பி வந்ததும் இவர் வியர்வை துடைப்பார். அவர் அந்தச் சேணத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்று பாட்டி சொல்வார். குதிரை இருந்தது லாயம், அவர் இருந்தது லயம். எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். குதிரைக்கு ஓட்டுக் கூரை, எங்கள் ஆட்களுக்குத் தகரக் கூரை என்றும் பாட்டி சொல்வதுண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவியையும் அவள் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நம்மவர், பழைய ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. பந்தயக் குதிரை லாயங்களில் பல வருடம் வேலை பார்த்தவராம். பிள்ளையைப் பார்த்ததும், “வா பாப்பா, முதல்ல மூக்குக்கிட்ட கையை நீட்டு. அது உன்னைய மோந்து பாக்கட்டும்” என்றார். அவள் நீட்டினாள். அவள் அப்பா இரண்டடி பின்னால் போனார்!

பந்தயங்கள் ஒவ்வோர் ஊராக நின்றுகொண்டு வருவதைப் பெரியவர் சொன்னார். 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்க் கிளப் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. 1864இல் தொடங்கிய பினாங்குக் கிளப் 2025 மே மாதம் முடிவில் ஓட்டத்தை நிறுத்தியது. “அப்படியென்றால் குதிரை மலிந்துவிடுமே, பாடமும் மலியாதா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “குதிரை சும்மாகூடக் கிடைக்கும் டீச்சர். அதுக்குச் சாப்பாடு சும்மா கிடைக்குமா? அதோட, பந்தயக் குதிரைக்கு ஓடத்தான் தெரியும். சின்னப் பிள்ளைய ஏத்துறதுக்கு அதை மறுபடி பழக்கணும். மாசக் கணக்கா ஆவும்.”

காசு கட்டுமுன் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் அவரே சொல்லித் தந்தார். தலைக்கவசம் இரவல் தருவார்களா? மோட்டார் சைக்கிள் கவசம் இதற்கு உதவாது. சப்பாத்துக்குச் சின்னக் குதிகால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். மழை பெய்தால் காசு திரும்புமா, வேறு நாள் தருவார்களா? ஒரு குதிரைக்கு ஒரு பிள்ளையா, கூட்டமாகவா? கூட்டத்தில் விலை குறையும், கவனமும் குறையும். விழுந்தால் யார் பொறுப்பு? கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் என்ன எழுதியிருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எழுதியிருப்பது புரியாவிட்டால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும் வழியில் காருக்குள் கணக்கு நடந்தது. வாரம் ஒரு பாடம் என்றால் மாதம் 320 வெள்ளி. அப்பாவின் 1,700இல் சேமநிதிக்கு 187 போய்விடும். கைக்கு வருவதில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே விழுங்கிவிடும். அம்மா சன்னலைப் பார்த்தபடி, “பெரியவன் அடுத்த வருஷம் காலேஜ் போவணும்ங்க” என்றார். யாரும் பதில் பேசவில்லை. பிள்ளையும் பேசவில்லை, கையை மட்டும் முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்புதான் முக்கியம் என்று நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். இருபது வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அப்பா பள்ளிக்கு வந்தார். ஐந்து பாடம் மட்டும், பள்ளி விடுமுறையில் அடுத்தடுத்து, மொத்தம் 400 வெள்ளி என்று முடிவு செய்திருந்தார்கள். மாதம் ஒன்று என்று இழுத்தால் படித்தது மறந்துபோகும் என்று பெரியவர் சொன்னாராம். சீட்டுப் பணத்தில் பெரியவனுக்கு எடுத்து வைத்ததைத் தொடவில்லை; அம்மா கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிறார். ஐந்து பாடத்தில் குதிரையேற்றம் வந்துவிடாது. ஏறவும், இறங்கவும், நடக்கவிட்டு நிறுத்தவும், குலுங்கி ஓடும்போது கீழே விழாமல் இருக்கவும் ஓரளவு வரும். அது அவர்களுக்கும் தெரியும்.

இதுவரை மூன்று பாடம் முடிந்திருக்கிறது. மூன்றாவது பாடத்தில் பெரியவர் கயிற்றை விட்டுவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டாராம். மீதி 160 வெள்ளி பிஸ்கட் டின்னில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போய், வீரன் சாமியின் அங்கவடி உயரம் சரியில்லை, குதிகால் கீழே இருக்க வேண்டும் என்று பூசாரியிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த திருவிழாச் சாயத்துக்குப் பார்க்கலாம் என்றாராம் அவர்.