வெண்ணெயின் நறுமணமும் உறைமோரும்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கறவை வைத்திருக்கும் குடியானவர்கள், பாலின் பெரும்பகுதியைக் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஊற்றிவிட்டு, எஞ்சியதை வீட்டில் தோய்த்து வெண்ணெய் எடுப்பதுண்டு. மாடும் ஒன்றே, தீவனமும் ஒன்றே; எனினும் மார்கழியில் எடுத்த வெண்ணெய் மணக்க, சித்திரையில் எடுத்தது வெறும் புளிப்பாய் நின்றுவிடுகிறது. மணமற்ற வெண்ணெயை வாங்குவோர் விரும்புவதில்லை. இதற்கு மாட்டின்மேலும் புல்லின்மேலும் குறை கூறுவோர் பலர். பெரும்பாலும் குற்றம் அவற்றினிடத்தில் இல்லை. உறைமோரிலும், பால் தோயும் உஷ்ணத்திலும், கடையும் வேளையிலுமே உள்ளது.

மணம் பிறக்கும் விதம்

பசும்பால் ஒரு லிட்டரில் பால்சர்க்கரை 45 முதல் 50 கிராம் வரை உண்டு. எலுமிச்சம்பழப் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலமும் உப்பின் வடிவில் அதில் இருக்கிறது. இதற்குச் சிட்ரேட் என்று பெயர். இதன் அளவு சுமார் 2 கிராமே. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் யாவும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். சிட்ரேட்டை உட்கொள்ள வல்லவை அவற்றுள் சிலவே. லூக்கோநாஸ்டாக் என்பவையும், லாக்டோகாக்கஸ் இனத்தில் ஒரு வகையும் அத்தகையன. இவை சிட்ரேட்டைப் பிளந்து, கரியமில வாயுவையும், டைஅசெட்டைல் என்னும் வாசனைப் பொருளையும் உண்டாக்குகின்றன. ஒரு கிலோ வெண்ணெயில் இப்பொருள் இரண்டொரு மில்லிகிராம் இருந்தாலே மணம் தெரியும்.

புளிப்பைத் தரும் பாக்டீரியா மட்டும் மணத்தைத் தராது, அதற்குத் துணையான வேறொரு வகையும் வேண்டும் என்பதை, 1919-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாமர், பெய்லி என்பவர்களும், டென்மார்க், ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியே கண்டனர். அம்மணப் பொருள் டைஅசெட்டைலே என்பது 1929-இல் தெளிவாயிற்று.

கோடையில் மணம் குறைவதேன்?

இத்துணைவகை பாக்டீரியாக்களுக்கு ஏற்ற உஷ்ணம் 20 முதல் 30 டிகிரி சென்டிகிரேட். பால் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கையில் உறை ஊற்றினால், சூட்டில் வளரும் வேறு வகைகள் முந்திக்கொள்ளும். அவை விரைவில் புளிப்பேற்றுமேயன்றிச் சிட்ரேட்டைத் தொடுவதில்லை. மேலும், பாலில் ஓரளவு புளிப்பு ஏறிய பின்னரே வாசனைப் பொருள் மிகுதியாய் உண்டாகும். சிட்ரேட் தீர்ந்துவிட்டாலோ, அதே உயிர்கள் அப்பொருளை மணமற்ற வேறொன்றாக மாற்றிவிடும். ஆகவே இளந்தயிரிலும் மணம் குறைவு. நாட்பட்ட தயிரிலும் குறைவு. இடைப்பட்ட வேளையே கடைவதற்கு உரியது.

செய்ய வேண்டியவை

1. காய்ச்சிய பாலைக் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆற்றி உறை ஊற்றுக. கோடையில் மட்பாண்டத்திற்கு ஈரத்துணி சுற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்க.

2. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில், வாரியத்திற்கு உரியவரைத் தகுதி பார்த்துக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் விதிகளைப் பொறித்த ஊர் உத்திரமேரூர். உறைமோரையும் அவ்வாறே தகுதி பார்த்து எடுத்தல் நலம். கெட்டியாய் உறைந்து, மணமுள்ளதாய், அதிகம் புளிக்காததாய் உள்ள தயிரிலிருந்து, சுத்தமான தனிப் பாத்திரத்தில் தினமும் எடுத்து வைக்க.

3. இளம்புளிப்பும் மணமும் தோன்றிய விடியற்காலையில் கடைக. பல நாள் தயிரைச் சேர்த்துவைக்க நேர்ந்தால் குளிர்பெட்டியில் வைக்க. வெண்ணெயைக் குளிர்ந்த சுத்த நீரில் அலசுக.

4. மடிவீக்க நோய் கண்ட மாட்டின் பாலில் சர்க்கரையும் சிட்ரேட்டும் குறைந்து உப்பு மிகும். அதை நல்ல பாலோடு கலத்தலாகாது. நோய்க்கு இட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாலில் வந்தால் உறைமோரின் உயிர்களையும் அழிக்கும். கால்நடை மருத்துவர் குறிக்கும் நாள்வரை அப்பாலை விலக்குக.

5. நறுமணத்துடன் தயிரில் சிறு குமிழ்கள் இருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. தயிர் நுரைத்து வெடித்து, துர்நாற்றம் வீசினால், சாணமோ அழுக்கு நீரோ கலந்ததற்கு அடையாளம். அதை உறைமோராகக் கொள்ளாது கொட்டிவிட்டுப் பாத்திரங்களைக் கொதிநீரால் கழுவுக.

நெய்யின் மணமோ இது ஒன்றினால் மட்டும் ஆவதன்று. காய்ச்சும்போது டைஅசெட்டைலில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். வெண்ணெயில் ஒட்டிய தயிர்ச்சத்து பக்குவமாய்ச் சிவப்பதும் நெய்யின் வாசனைக்கு முக்கிய காரணம். எனவே காய்ச்சுவதிலும் கவனம் வேண்டும்.

மேற்கூறியதைப் பரீட்சித்துப் பார்க்கச் செலவில்லை. ஒரே இரவுப் பாலை இரு பானைகளில் பகிர்ந்து, ஒன்றைச் சூட்டிலும் மற்றொன்றை ஆற்றியும், ஒரே உறைமோரால் தோய்த்து, மறுநாள் தனித்தனியே கடைந்து முகர்ந்து பார்க்கலாம். கிராம அதிகாரிகள் பால் சங்கக் கூட்டங்களிலும் மகளிர் குழுக்களிலும் இதைச் செய்து காட்ட ஏற்பாடு செய்வார்களாயின், வீடுதோறும் வீணாகும் மணம் விலையாக மாறும்.