தேகப்பயிற்சியும் ஓர் உத்தியோகம்தான்!

"ஏட்டி, தண்டால் எடுக்கச் சொல்லிக் கொடுக்கதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு ஒரு சம்பளமா?"

பாளையங்கோட்டையில் என் அக்கா வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே ஆச்சி கேட்ட கேள்வி இது. ஆச்சி என்றால் அக்காவின் மாமியார். கேள்வி பாய்ந்தது அக்காவின் மகள் மேல்.

பெண் கல்லூரியில் கடைசி வருஷம். கபடி ஆடுகிறவள், ஆடியவள் என்று சொல்வதுதான் சரி. சென்ற வருஷம் ஒரு போட்டியில் ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்து, அறுவைச் சிகிச்சையாகி, ஒன்பது மாதம் வீட்டோடு கிடந்தாள்.

"ஆட்டம் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது, சித்தி. அந்த ஆட்டத்தைத் தாங்கும்படி காலைத் தயார் பண்ண ஆள் இல்லை. நான் அந்த ஆளாகப் போகிறேன்" என்கிறாள்.

அக்காவோ பாங்குப் பரீட்சைக்கு மனுப்போடச் சொல்கிறாள். அத்தான் வாயே திறக்கவில்லை. கடைசியில் மத்தியஸ்தம் என் தலையில் விழுந்தது. தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லலாமா? கொஞ்சம் விசாரித்தேன். இதே யோசனையில் இருக்கும் மற்றத் தாய்மார்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மூன்றாவது ஆள்

நல்ல ஆட்டக் குழு ஒன்றில் இன்று மூன்று பேர் இருப்பார்கள். ஆட்டத்தின் நுணுக்கம் சொல்பவர் பயிற்சியாளர். அடிபட்டால் பார்ப்பவர் பிஸியோதெரபிஸ்ட். இந்த இருவருக்கும் நடுவே நிற்பவர்தான் நம் கதாநாயகர். உடம்புக்கு வலுவும் வேகமும் மூச்சும் ஏற்றி, அடிபடுவதையே குறைப்பது அவர் வேலை. 'ஸ்ட்ரெங்த் அண்டு கண்டிஷனிங் கோச்' என்பது முழுப் பட்டம். நாம் உடல்திறன் பயிற்சியாளர் என்று வைத்துக்கொள்வோம்.

இது வெறும் எடை தூக்குகிற சமாசாரம் அல்ல. எப்போது பாரத்தைக் கூட்டுவது, எப்போது ஓய்வு கொடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. பால்பாயசம் காய்ச்சுகிறவளுக்குத் தீயின் அளவு தெரிய வேண்டாமா? அந்த மாதிரிதான். வேகப் பந்து வீசுகிறவனுக்கு முதுகு முக்கியம். நீளம் தாண்டுகிறவனுக்கு ஒற்றைக் கால் அத்தனை பாரத்தையும் தாங்க வேண்டும். கபடிக்காரிக்கு முழங்காலும் கணுக்காலும். ஆளுக்கு ஆள் பயிற்சி வேறு.

இரண்டு டாலர் கூலி

இந்தத் தொழில் பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1969-ம் வருஷம், அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக் கழகம். பாய்ட் எப்லி என்ற மாணவர் கோலூன்றித் தாண்டுகிறவர். முதுகில் அடிபட்டு, எடை தூக்கி உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கால்பந்து வீரர்களும் எடை தூக்க ஆரம்பித்தார்கள். எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவனி, "ஒருத்தன் வேகம் குறைந்தாலும் உனக்குச் சீட்டுக் கிழிந்துவிடும்" என்று சொல்லித்தான் எப்லியை வேலைக்கு வைத்தாராம். மணிக்கு இரண்டு டாலர் கூலி. அடுத்த இரண்டு வருஷங்களும், 1970-லும் 1971-லும், நெப்ராஸ்காவுக்கே தேசியப் பட்டம்! பிறகு 1978-ல் எப்லி இந்தத் தொழிலுக்கென்று ஒரு சங்கத்தையே தொடங்கினார். அந்தச் சங்கம் நடத்தும் பரீட்சையில் தேறிய சான்றிதழுக்கு இன்று பல நாடுகளில் மதிப்பு உண்டு.

நம் ஊரும் சளைத்ததல்ல. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-லேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். நாம் பள்ளிக்கூடத்தில் பார்த்துப் பயந்த டிரில் மாஸ்டர்களின் வம்சம் அங்கேதான் வேர் விட்டது. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்தியக் குழுவின் மானேஜரும் அவரே.

எத்தனை கதவுகள்?

"அதெல்லாம் சரி, வேலை எங்கே இருக்கு?" என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. ஆற்றோரமாகவே நடந்து பார்ப்போம்.

முதல் கதவு பள்ளிக்கூடம். பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பிறகு பி.பி.எட். படித்தால் உடற்கல்வி ஆசிரியர். அதற்கு மேல் எம்.பி.எட்., நெட் என்று ஏறினால் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆகலாம். திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. உடற்கல்விக்கென்றே 2004-ம் வருஷச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக் கழகம் வண்டலூருக்கு அருகே மேலக்கோட்டையூரில் இருக்கிறது. அரசாங்க இடம் கிடைத்தால் மாதம் முதல் தேதி சம்பளம் நிச்சயம். கிடைப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

இரண்டாவது கதவு காக்கிச் சட்டை. மணிமுத்தாறு அணைப் பக்கம் சிறப்புக் காவல் படை முகாம் இருக்கிறது. அங்கே கவாத்தும் தேகப்பயிற்சியும் சொல்லிக் கொடுப்பவர்கள் படையிலேயே இருந்து வந்தவர்கள். ஆகவே முதலில் போலீஸ்காரராக வேண்டும், பிறகுதான் பயிற்சியாளர். ஆனால் படைக்கு வெளியேயும் இதில் பிழைப்பு உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிஷம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். அதற்காக விடிகாலையில் ஓடும் பிள்ளைகளைத் தயார் செய்யத் தனியார் பயிற்சி நிலையங்களுக்கு விவரம் தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கதவு ஆட்டக் குழுக்கள். பளபளப்பான கதவு இதுதான். 2011-ல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது கிரிக்கெட் குழுவின் உடல்திறன் பயிற்சியாளர் சென்னைக்காரரான ராம்ஜி ஸ்ரீநிவாசன். 2015 முதல் 2019 உலகக் கோப்பை வரை அந்தப் பொறுப்பில் இருந்த சங்கர் பாசுவும் சென்னைக்காரரே. தாழையூத்துச் சங்கர் நகர் மைதானத்திலேயே தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. கபடிக்கு 2014-லிருந்து புரோ கபடி லீக். கோவில்பட்டியில் ஹாக்கி. ஆனால் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீக் என்பது சில வாரம், சில மாத ஒப்பந்தம். திருவிழாக் கடை மாதிரி. வியாபாரம் ஜோர், ஆனால் கொடி இறங்கினால் கடையும் கிடையாது. வருஷத்தின் மற்ற மாதங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

நான்காவது கதவு உயர் பயிற்சி நிலையங்கள். தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில் பிறந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-ல் 8.42 மீட்டர் நீளம் தாண்டித் தேசிய சாதனை படைத்தாரே, அவர் பயிற்சி பெற்றது கர்நாடகத்தில் பல்லாரிப் பக்கம் விஜயநகரில் உள்ள விளையாட்டு நிலையத்தில். இப்படிப்பட்ட இடங்களில் உடல்திறன் பயிற்சியாளருக்கு வருஷம் முழுவதும் வேலை. பட்டத்தோடு உடற்செயலியல், அசைவியல் போன்ற விஞ்ஞானப் படிப்பும் எதிர்பார்ப்பார்கள். 1961-ல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் டிப்ளமாவுக்கும் நல்ல பெயர் உண்டு.

ஐந்தாவது கதவு ஜிம். இதன் வாசல் அகலம், யாரும் நுழைந்துவிடலாம். அதுவே ஆபத்து. நாலு மாதம் பழகிய பையன் ஐந்தாவது மாதம் வாத்தியாராகிவிடுகிறான். பிள்ளைகளுக்கு ஊசியும் மாத்திரையும் சிபாரிசு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். படித்தவர்கள் வந்தால் இந்தத் துறைக்கே மானம் மிஞ்சும். வருமானம் வாடிக்கையைப் பொறுத்தது. காலையிலும் மாலையிலும் உழைப்பு, நடுப்பகலில் ஓய்வு.

பெண்ணுக்கு ஆகுமா?

இதுதான் அக்காவின் மனத்தில் இருந்த உண்மையான கேள்வி. நான் சொன்னேன்: "பெண்ணுக்குத்தான் ஆகும்."

ஓடித் தாண்டித் திரும்பும் ஆட்டங்களில் முழங்கால் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். முறையாக வலுவேற்றி, தாண்டி இறங்கும் விதத்தைப் பழக்கினால் அது கணிசமாகக் குறைகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். இடுப்பையும் முழங்காலையும் தொட்டுத் திருத்திச் சொல்ல, மாதாந்தரத் தொந்தரவைக் கூசாமல் கேட்டறிய, பெண் பயிற்சியாளர் இருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆறுதல்! நாற்பது தாண்டிய நமக்கும் எலும்பு தேயாமலிருக்கத் தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். சொல்லித் தர ஆள் எங்கே?

ஆகவே என் தீர்ப்பு இது. பளபளப்பான கதவைப் பார்த்து ஓடாதே. முதலில் கையில் இருக்கும் பட்டத்தை முடி. பிறகு பி.பி.எட். சேர், அது பள்ளிக்கூடக் கதவுக்குச் சாவி. அந்தச் சாவி இடுப்பில் இருக்கட்டும். அப்புறம் விஞ்ஞானப் படிப்போ சர்வதேசப் பரீட்சையோ எழுது. பெரிய விளம்பரத்தைக் கண்டு குறுகிய காலப் படிப்பில் பணம் கட்டுமுன், எந்தக் கதவை அந்தச் சான்றிதழ் திறக்கும் என்று கேள். பதில் தெளிவாக வராவிட்டால் திரும்பி வந்துவிடு.

அத்தான் முதல் தடவையாக வாய் திறந்தார். "மூணு வருஷம் பார்ப்போம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சம்மதம்.

இதற்குள் ஆச்சி எழுந்திருக்க முயன்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று உட்கார்ந்துவிட்டாள். பேத்தி ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டாள். "இதிலே உட்காருங்க ஆச்சி. கையை ஊன்றாமல் மெதுவா எழுந்திருங்க. நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள். முதல் நாள் மூன்று தடவை. ஒரு மாதத்தில் எட்டுத் தடவையாயிற்று என்று அக்கா டெலிபோனில் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் ஆச்சி சுருக்குப் பையைத் திறந்து ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினாளாம்.

"எதுக்கு ஆச்சி? உங்களுக்கு இனாம்தான்."

"சும்மா வாங்கிக்கோட்டி. இனாமாச் சொல்லிக் கொடுத்தா அது உத்தியோகமா?"