ஆணி பொறுக்கிய காந்தம்

யானைகள் பூட்டி இழுத்தும் நிமிராத சிவலிங்கத்தைக் குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிறு மாட்டி நிமிர்த்தினார் என்பது திருப்பனந்தாள் தலவரலாறு. நின்ற நிலையிலிருந்து இழுக்கும் விசையைப் பற்றிப் பேச இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது. பெட்ரோல் எஞ்சினுக்கு அந்த வித்தை வராது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்குத் தெம்பு. கிளச்சும் கியரும் சிக்னலில் நிற்கும்போது கேட்கும் உறுமலும் அதற்காகத்தான். மின்மோட்டாரோ சக்கரம் அசையும் முன்பே முழு விசையோடு தயாராக நிற்கிறது.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே 1912-ல் பஸ் விட்டவர், இன்று அந்த மோட்டாரில் ஸ்கூட்டர் செய்யும் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார். அன்றைய சாலைகளில் மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள்தான் டயருக்கு எமன். காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியை டி.வி.எஸ். செய்து விற்றது. எரிபொருளை மாற்றுவது அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் கரிவாயு காலத்தில் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. 2020 ஜனவரியில் அவர்களிடமிருந்து வந்த ஐக்யூப் மின் ஸ்கூட்டரில் எஞ்சினே இல்லை. 4.4 கிலோவாட் மோட்டார் பின்சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அந்த முதல் ஐக்யூபின் பேட்டரி கொள்ளளவு 2.25 யூனிட் மின்சாரம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 9 யூனிட் ஆற்றல். அதாவது, பேட்டரி நிறைந்திருந்தாலும் கையில் இருப்பது கால் லிட்டர் பெட்ரோல்தான்! லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் ஸ்கூட்டர் அதை வைத்துக்கொண்டு திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணம்கூடப் போய்ச் சேராது. ஐக்யூபுக்கு நிறுவனம் சொன்ன தூரமோ 75 கி.மீ., அந்தக் கால் லிட்டரில் ஓடுவதைப்போல் ஆறு மடங்கு. எஞ்சினில் ஆற்றலின் பெரும்பங்கு சூடாகவே போய்விடுகிறது. சைலன்சரில் கால் சுட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதில் ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. அனல்மின் நிலையத்திலும் எரிப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் கணக்கில் சேர்த்தால் ஆறு மடங்கு லாபம் இரண்டு மடங்காகச் சுருங்கும்.

அப்படியென்றால், நெல்மூட்டையும் புல்லுக்கட்டும் சுமக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் ஏன் இன்னும் பெட்ரோலில் ஓடுகிறது? 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-யின் வாரிசு அது. நான்கு லிட்டர் பெட்ரோலின் எடை மூன்று கிலோ. அதே தூரம் ஓட வேண்டுமானால் பேட்டரி நாற்பது கிலோவுக்குக் குறையாது. ஒரு மூட்டையில் பாதியைப் பேட்டரிக்கே விட்டுக்கொடுக்க எந்த விவசாயி சம்மதிப்பார்?

2025 ஏப்ரலில் நாட்டின் மின் இருசக்கர வாகனப் பதிவில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிரம்மாண்ட ஆலை கட்டிய ஓலாவைத் தாண்டி டி.வி.எஸ். முதலிடம் பிடித்தது. ஊருக்கு ஊர் ஷோரூமும் சர்வீஸும் வைத்திருந்த பழைய கம்பெனிக்கு அந்தப் பழமையே கைகொடுத்தது என்பது என் எண்ணம். அதே ஏப்ரலில்தான் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கடிவாளம் போட்டது. மின் ஸ்கூட்டர் மோட்டார்களில் பெரும்பாலானவை அந்தக் காந்தத்தை நம்பியே சுற்றுகின்றன. பெட்ரோலுக்கு அரபு நாடுகளைப் பார்த்த கண்கள் இப்போது வேறு திசையில் பார்க்கின்றன.

கடைத்தெரு மெக்கானிக்கின் கணக்கு வேறு. பிஸ்டன் ரிங், பிளக், கிளச் பிளேட், ஆயில் மாற்றுவது என்று அவருக்குச் சோறு போட்ட வேலைகளில் ஒன்றுகூட மின் ஸ்கூட்டரில் கிடையாது. பிரேக் ஷூ, பேரிங், ஷாக் அப்சார்பர் மிஞ்சும். கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்பேனர் போதாது, லேப்டாப் வேண்டும்.

பக்கத்துப் பஞ்சர் கடைக்கு அந்தக் கவலை இல்லை. காந்தவண்டி பொறுக்காமல் விட்ட ஆணிகள் இன்னும் சாலையில் கிடக்கின்றன.