ஆக்ஸலாட்டல் வளர்க்க ஆசையா? முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள்!

எப்போதும் சிரிப்பது போன்ற வாய், தலையின் இருபுறமும் இறகு போல விரிந்த செவுள்கள்... ரீல்ஸில் ஆக்ஸலாட்டலைப் பார்த்த பிள்ளைகள், 'நமக்கும் ஒண்ணு வாங்கலாம்ப்பா' என்று கேட்பது சகஜம்தான். ஆனால், பெரம்பலூர், அரியலூர் பெற்றோர் தொட்டி வாங்கும் முன் யோசிக்க வேண்டியது வெயிலை!

ஆக்ஸலாட்டல் மீன் அல்ல. தவளைக்குத் தூரத்துச் சொந்தமான சாலமாண்டர். மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ நீர்நிலைதான் அதன் பூர்வீகம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம். அந்தக் குளிருக்குப் பழகிய உயிரை, கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் வளர்க்க வேண்டும்.

அதற்கு ஏற்ற நீரின் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24-ஐத் தாண்டினால் ஆபத்து. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறையும், அம்மோனியாவின் நச்சு கூடும். சாப்பிட மறுப்பது, செவுள்கள் முன்பக்கமாகச் சுருள்வது, உடலில் பஞ்சு போல பூஞ்சை படர்வது எல்லாம் எச்சரிக்கை மணிகள்.

தொட்டியின் மேல் ஃபேன் வைத்தால் சில டிகிரிதான் குறையும். நம் ஊர்க் கோடைக்கு 'சில்லர்' கருவி அவசியம். கரன்ட் போனால் தாக்குப்பிடிக்க இன்வெர்ட்டரும் வேண்டும். ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது அவசரத்துக்கு மட்டுமே.

சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூரில் போர்வெல் தண்ணீர் உப்புக்கரிக்குமே என்ற பயம் வரலாம். ஓரளவு கடினநீர் ஆக்ஸலாட்டலுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனாலும் பரிசோதித்துவிட்டுப் பயன்படுத்துவதே நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* விலங்கை விடுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, நன்மை செய்யும் பாக்டீரியாக்களை வளர்க்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.
* வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றலாம்.
* கூழாங்கல் வேண்டாம், விழுங்கிவிடும். மீன்களும் வேண்டாம், செவுளைக் கடிக்கும்.
* மண்புழு அருமையான உணவு. பூச்சிமருந்து அடித்த பருத்தி, மக்காச்சோளக் கொல்லைப் புழுக்களைத் தவிர்க்க வேண்டும்.

சட்டமும் முக்கியம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினம் என்பதால், 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று ஏரி, குளத்தில் விடவே கூடாது. வெயிலில் அது தவித்துச் சாகும். அதன் நோய் நம் தவளைகளுக்கும் தொற்றலாம்.

நன்றாகப் பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டு வாங்கினால், கல்லூரி முடிக்கும்வரைகூட அது வீட்டில் இருக்கும். அத்தனை கோடைகளுக்கும் சில்லர் செலவு கட்டுப்படியாகுமா? இல்லை என்றால், வீடியோவில் ரசிப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை!