தாழ்அழுத்த நைட்ரஜன் பிளாஸ்மா

தாழ்அழுத்த ரேடியோ அதிர்வெண் மின்னிறக்கம் என்பது, வெற்றிடக் கலனில் சில பாஸ்கல் அழுத்தத்தில் உள்ள வாயுவுக்கு மாறுதிசை மின்புலம் கொடுத்துப் பிளாஸ்மா உண்டாக்கும் முறையாகும். பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பயன்படுகிறது. இவ்வளவு வேகமாகத் திசைமாறும் புலத்தோடு எலக்ட்ரான்களால் ஈடுகொடுக்க முடியும். கனமான நைட்ரஜன் அயனிகளால் முடியாது. ஆகவே எலக்ட்ரான் வெப்பநிலை 2 முதல் 4 எலக்ட்ரான் வோல்ட் வரை, அதாவது பல்லாயிரம் கெல்வின் இருக்க, வாயு மட்டும் அதிகம் சூடேறுவதில்லை.

இதன் முக்கியப் பயன் எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்குதல். சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுக்குப் பெயர்பெற்றது. அத்தகைய எஃகை 450 டிகிரி செல்சியசுக்கு மேல் நைட்ரஜன் ஏற்றினால் குரோமியம் நைட்ரைடாகப் பிரிந்து, துருவை எதிர்க்கும் தன்மை குறையும். பிளாஸ்மா இருந்தால் 400 டிகிரி அளவிலேயே வேலை முடியும். காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் பிளாஸ்மா நைட்ரைடிங்கை இந்தியத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசென்றுள்ளது. ஆனால் தொழிற்சாலை உலைகளில் துடிப்பு நேர்மின்னோட்டமே பரவலாக உள்ளது.

எளிய மாதிரி இரு சமன்பாடுகளில் நிற்கிறது. அயனியாக்கமும் சுவரில் ஏற்படும் இழப்பும் சமமாக வேண்டும் என்பது எலக்ட்ரான் வெப்பநிலையைத் தரும். செலுத்திய திறனின் கணக்கு எலக்ட்ரான் அடர்த்தியைத் தரும். ஆர்கானுக்கு இது ஓரளவு போதும். நைட்ரஜன் அப்படி விடாது. அதன் மூலக்கூறு அதிரக்கூடியது. 2 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் அந்த அதிர்வுக்கே தம் ஆற்றலைப் பறிகொடுக்கின்றன. அயனியாக்கத்துக்கோ 15.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதைச் செய்வது மிகச் சில வேகமான எலக்ட்ரான்களே. எனவே மாக்ஸ்வெல் பரவலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் விடை பல மடங்கு பிசகலாம். போல்ட்ஸ்மன் சமன்பாட்டைத் தீர்ப்பதே முறை.

அளவீட்டிலும் பொறி உண்டு. இர்விங் லாங்மியூர் 1920களில் உருவாக்கிய ஆய்வுமுனை ஒரு மெல்லிய உலோகக் கம்பிதான். அதன் மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கிறோம். ஆனால் ரேடியோ அதிர்வெண் பிளாஸ்மாவின் மின்னழுத்தமே ஊசலாடுகிறது. பதிவாகும் வளைவு மழுங்கி, எலக்ட்ரான் வெப்பநிலை உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். முனைக்கு அருகே மின்தூண்டிகள் வைத்து ஊசலை முனைமீதே விழாமல் தடுப்பது வழக்கம். இதைச் செய்யாத அளவீட்டோடு மாதிரி ஒத்துப்போனால் மகிழ்வதற்கில்லை. இரண்டுமே தவறாக இருக்கலாம்.

ஒளியையும் சாட்சிக்கு அழைக்கலாம். 337.1 நானோமீட்டர் கோடு நடுநிலை மூலக்கூறிலிருந்தும், 391.4 நானோமீட்டர் கோடு அயனியிலிருந்தும் வருகின்றன. தரைநிலையிலிருந்து முதலாவதைக் கிளர்த்த ஏறத்தாழ 11, இரண்டாவதற்கு ஏறத்தாழ 18.7 எலக்ட்ரான் வோல்ட் தேவை. ஆகவே இரண்டின் செறிவு விகிதம், கம்பிமுனை எளிதில் காணாத அந்த வேகமான எலக்ட்ரான்களைப் பற்றிப் பேசுகிறது.